கல் என்று எழுதிய விதை

தீனித் தட்டில் விதை வைத்தது வைத்தபடி இருந்ததைப் பார்த்ததும் சாமணத்துக்கு முதலில் திருப்திதான் வந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் சரக்கு உசத்தி என்று பொருள். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த தத்துவம் அது ஒன்றுதான். காலை ஏழு மணி. வீட்டின் பின்புறம் புல்லில் ஈரம் காயவில்லை, பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்கும் துணியின் சோப்பு வாசனை சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தது, எங்கோ ஒரு தண்ணீர் மோட்டார் இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பத்தின் உச்சியில் இருந்த மரத்தட்டிலிருந்து ஒரு கை சூரியகாந்தி விதையை அவர் அள்ளினார். அள்ளிய கை தன்னால் மேலே போயிற்று. நிறைய தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை எப்படித் துள்ளுமோ, அப்படி.

உள்ளங்கையைப் பார்த்தார். விதைகள் இருந்தன. கறுப்பும் வெள்ளையும் வரி ஓடிய, கொழுத்த, ஒரே அளவான விதைகள். கனம்தான் இல்லை.

சாமணம் என்பது அவர் பெயர் அல்ல. விதைப் பரிசோதனை நிலையத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. மாதிரிக்கு வரும் விதையைக் கண்ணாடிப் பலகையில் பரப்பி, நல்ல விதை ஒரு பக்கம், வேறு விதை ஒரு பக்கம், கல் மண் தூசி ஒரு பக்கம் என்று சாமணம் என்ற சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிரிப்பதுதான் அங்கே வேலை. நாள் முழுக்க அதையே செய்தால் மனுஷனுக்கு முதுகு வளையும். இவருக்கு மூக்கு வளைந்தது. தெருவில் நடக்கும்போதும் எதிரே வருகிறவர்களைப் பிரித்துக்கொண்டே போனார். நல்ல விதை என்ற பக்கத்துக்கு யாரும் தேறவில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. அது மரியாதையா நிம்மதியா என்று அவர் யோசிக்கவில்லை. தட்டியவர்கள் எல்லாருமே தூசிப் பக்கம்.

தட்டிலிருந்த விதை முழுவதையும் சமையலறைக்குக் கொண்டுவந்து தராசில் கொட்டினார். முந்தின நாள் சாயங்காலம் வைத்தது இருநூறு கிராம். தராசு பதினொன்று என்றது. தட்டித் தட்டிப் பார்த்தார். பதினொன்று. பூதக்கண்ணாடியில் ஒரு விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: வண்டு துளைத்த ஓட்டை இல்லை, எறும்பு கடித்த வாய் இல்லை, இரண்டு ஓடும் சேருகிற கோடு கொஞ்சமும் விரியவில்லை. நகத்தால் அழுத்தினார். அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே வெள்ளை வெளேரென்று, துடைத்துவிட்ட அறை மாதிரி சுத்தம். மோந்து பார்த்தார். விதைக்குள்ளே எண்ணெய் வாசனையாவது, சொத்தை வாசனையாவது, பூஞ்சை வாசனையாவது இருக்கும். இதில் எதுவுமே இல்லை.

யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பயம் பிறகுதான் வந்தது. கர்வம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் பயம் கொல்லை வழியாகத்தான் வர முடியும்.

இதெல்லாம் ஆரம்பித்தது அவர் மனைவியின் இடுப்பெலும்பில். குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, பின்னறை ஜன்னலோரம் ஒரு பெரிய இரும்புக் கட்டிலைப் போட்டு, அதில் அவளைக் கிடத்திவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரமே அவள் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். பேச்சும் குறைந்தது. எலும்பு டாக்டர் இவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "மனசு விட்டுட்டாங்கன்னா எலும்பு கூடாது சார், ஏதாவது ஒண்ணுல அவங்களுக்குப் பிடிப்பு வரணும்" என்றார். டாக்டரின் சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து தொங்கியது. அவரையும் தூசிப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாமணம் திரும்பினார். ஆனால் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. உலகத்தில் அவர் பிரித்துப் பார்க்காத ஆள் ஒருத்திதான் இருந்தாள். அதை அவளிடம் அவர் சொன்னதும் இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லித் தொலையேன்" என்று கேட்டார். அவருக்கு ரொம்பப் பாசம் வந்தால் ஒருமையும் பன்மையும் குழம்பும்.

"பறவை வந்தா நல்லாயிருக்கும்" என்றாள். "சும்மா சுவரைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள்தான் இருக்கறது."

பறவையா? விதையில் தலைகீழாகப் பாடம் சொல்லும் மனுஷனிடமா? அன்றைக்கே கம்பம் நட்டுத் தட்டு வைத்தார். தடித்த அலகுக்குச் சூரியகாந்தி, சின்ன அலகுக்குத் தினை, தரையில் பொறுக்குகிறதுக்கு உடைத்த சோளம், கூச்ச சுபாவத்துக்கு எள் என்று வகை பிரித்து, சல்லடையில் சலித்து, சாமணத்தால் பொறுக்கி, ஈரப்பதம் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை சுத்தத்தில் தட்டில் பரப்பினார். ஒரு காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாணக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஹாரன் இருந்தது. கடையில் கிடைக்கிற மலிவுப் பாக்கெட்டை, பாதி உமியும் பாதி மண்ணுமாக, ஒரு பழைய வாளி மூடியில் கொட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சிட்டு, புறா, காக்கை என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வரும்.

"என்ன சார், நம்ம வண்டியில ஃபுட்போர்டு வரைக்கும் ஆளு. உங்க ஏசி பஸ் காலியாவே ஓடுதே?" என்று சுவர் மேல் தலையை வைத்துக் கேட்பார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை."

"கழுதை இல்ல சார், குருவி. கற்பூரம் திங்காது."

உள்ளே கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று வாரத்தில் அவள் முதல் சிரிப்பு. அது அந்த ஹாரன் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஜன்னலில் அவள் எட்டி எட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்துச் சுவரைத்தான். "உங்க விதை பரீட்சை எழுதவா, திங்கவா?" என்று வேறு கேட்டாள்.

அந்தக் கோபத்தில்தான் ஜாடியை எடுத்தார்.

ஊறுகாய் ஜாடி அளவுக் கண்ணாடி ஜாடி. முப்பத்தொரு வருஷமாக மாதிரிகளிலிருந்து கிள்ளி எடுத்த கழிவையெல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார். தோற்றவர்களைச் சிறையில் வைத்துப் பார்க்கிற சுகம். களை விதை, முள் விதை, ஒடிந்தது, பொக்கு. அதில் முக்கால்வாசி ஒரே ஒரு சாதி: கறுப்பு, மூன்று மூலை, நகம் போன்ற பளபளப்பு, மூடியைத் திறந்தால் பூட்டியே கிடந்த வீட்டின் வாசனை. எந்த ஊர் மாதிரியானாலும், நெல்லோ பருத்தியோ கடுகோ, ஒன்றிரண்டு அதில் கிடக்கும். எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை. மண்ணில் ஊன்றினால் முளைக்கவில்லை. 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுத அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் எழுதுவார்கள். தெரியவில்லை என்ற சொல்லை சாமணம் வாழ்நாளில் எழுதியதில்லை. ஆகவே அது விதையே இல்லை என்று முடிவு செய்தார். எத்தனையோ ஆயிரம் அறிக்கைகளில், அந்தக் கறுப்பு முக்கோணத்துக்கு நேரே, அழகான கையெழுத்தில் 'கல்' என்று எழுதினார்.

'குப்பை தின்னும் கூட்டத்துக்குக் குப்பை' என்று ஒரு கைப்பிடி அள்ளி, சூரியகாந்தி மேல் தூவினார்.

மறுநாள் மத்தியானம் மனைவி தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை.

"ஒண்ணு வந்துச்சுங்க."

"எது? சிட்டா, தினைக்குருவியா?"

"தெரியல. முதுகு காட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சிட்டு அளவுதான் இருக்கும்."

"அலகு தடியா, ஊசியா?"

"முதுகு காட்டிச்சுன்னு சொல்றேன், அலகைக் கேக்கறீங்களே."

போய்ப் பார்த்தார். சூரியகாந்தியில் ஒன்று கூடக் குறையவில்லை. கறுப்பு மட்டும் முழுக்கத் தீர்ந்திருந்தது. ஓடுகள் இருந்தன: ஒவ்வொன்றும் சரிபாதியாகப் பிளந்து, உட்புறம் மேலே பார்க்க, பத்துப் பத்தாக வரிசையாக. பறவைகள் உமியைத் துப்பும், சிதறும், தட்டிலேயே எச்சமிடும். இதுவோ பிரித்து அடுக்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜீவனிடம் சாமணத்துக்கு மரியாதை பிறந்தது.

இரண்டாம் நாளும் ஒரு கைப்பிடி. "இன்னைக்குப் புறா அளவு" என்றாள்.

"நேத்து சிட்டுன்னே."

"நேத்து சிட்டு. இன்னைக்குப் புறா. நானா ஊட்டி வளத்தேன்?"

மூன்றாம் நாள் அது நாய்க்குட்டி அளவு என்றாள். வலி மாத்திரை வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் எத்தனை முறை ஜன்னலில் நின்று பார்த்தாலும் ஒன்றும் வருவதில்லை. அவர் கழிப்பறைக்குப் போகிற, பால் வாங்கப் போகிற அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டுப் போய்விடும். போகட்டும். அவள் மூன்று வேளை சாப்பிட்டாள். தலை வாரிக்கொண்டாள். டிரைவர் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. சாமணம் சுவரோரம் போய் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினார்.

நாலாம் நாள் அவள் அளவு சொல்லவில்லை.

"திரும்பிச்சுங்க."

"எது?"

"அதுதான். முகத்தைத் திருப்பி என்னையே பாத்துச்சு. ரொம்ப நேரம்."

"அலகு எப்படி?"

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"அலகு இல்லைங்க."

"அலகில்லாம எதை வச்சுத் திங்கும், ஸ்பூனா?"

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அன்று சாயங்காலம் ஜாடியைக் கவிழ்த்தபோது கறுப்பு ஒன்று கூட விழவில்லை. தூசிதான் விழுந்தது. பரவாயில்லை, பழகிவிட்ட வாய், இனி நல்ல சரக்கைத் தின்னட்டும் என்று இருநூறு கிராம் சூரியகாந்தியை மட்டும் வைத்தார்.

அந்த விதைதான் ஐந்தாம் நாள் காலையில் கனமில்லாமல் கிடந்தது.

தராசின் முன்னால் அவர் நின்றிருந்தபோது வாசல் மணி அடித்தது. டிரைவர். ஹாரனைக் காணோம். உள்ளங்கையில் ஒரு சிட்டுக்குருவி.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

"நான் என்ன மிருக டாக்டரா?"

"பாருங்க சார். செத்த மாதிரி இல்ல. கண்ணு முழிச்சிருக்கு. விடிஞ்சதுலேருந்து சுவர் மேல உக்காந்திருக்கு. இது மட்டுமில்ல, எல்லாமே. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி வரிசையா. கிட்டப் போனா பறக்கல. ஊதினேன்." டிரைவர் வாயைக் குவித்துக் காட்டினார். "ஊதினா விழுது சார்."

சாமணம் கையை நீட்டி வாங்கினார். இறகு ஒழுங்காக இருந்தது. அலகு மூடியிருந்தது. கால் விரல்கள், இல்லாத ஒரு கொம்பைப் பிடித்திருந்தன. கையில் அது இருப்பதே தெரியவில்லை.

பழக்க தோஷம், பிளேடை எடுத்தார். விதைக்குள் பருப்பு இருக்கிறதா என்று நிலையத்தில் நீளவாக்கில் கீறிப் பார்ப்பார்கள். அப்படியே நெஞ்சில் வைத்துக் கீறினார். ரத்தம் வரவில்லை. காகிதம் கிழிகிற சத்தம். உள்ளே வெள்ளை வெளேரென்று, சுத்தமாக, ஒன்றுமில்லாமல்.

டிரைவர் ஒரு அடி பின்னால் போனார். "நீங்க ஏதும் மருந்து கலந்து வைக்கலையே?"

"சுத்தமான விதை வச்சேன்."

"வேற?"

சாமணம் குருவியை மேஜை மேல் வைத்தார். அது மேஜையில் நிற்காமல் கொஞ்சம் நகர்ந்தது.

"கல்லு" என்றார்.

"கல்லைத் தின்னுட்டா சார் இப்படி ஆகும்?" என்று கேட்டுவிட்டு டிரைவர் போய்விட்டார்.

அன்று பூராவும் சாமணம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். எந்த விதைக்கும் அதைத் தின்ன ஒரு வாய் உண்டு என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி; வாய் இல்லாத விதையை மண் வைத்துக்கொள்ளாது. அந்தக் கறுப்புக்கும் ஒரு வாய் எங்கோ இருந்திருக்கிறது. வயலுக்கு ஒன்று இரண்டு என்று சிதறிக் கிடந்ததால் அதுவும் எங்கேயோ அரைப்பட்டினியாகக் கிடந்திருக்கிறது. இவர் கை நிறைய அள்ளிப் போட்டு அழைத்திருக்கிறார். விருந்து வைத்தவர், நாலு நாளில் அடுப்பை அணைத்துவிட்டார். வந்த விருந்தாளி எழுந்து போகவில்லை. இருந்ததைத் தின்றது. அடுத்து இருந்ததைத் தின்றது.

ஆறாம் நாள் காலை சுவரருகே போனார். குருவிகள் சுவரில் இல்லை. காற்று கூட்டிப் பெருக்கி மூலையில் ஒதுக்கியிருந்தது. டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை வாளி மூடி மேல் நீட்டியபடி. விரல் இடுக்கில் தினை.

"என்னப்பா" என்றார் சாமணம். எட்டு வருஷத்தில் அவரை அப்பா போட்டு அழைத்தது இதுதான் முதல் தடவை.

டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ நக்கல் சொல்ல வாயெடுத்த சிரிப்பு. கன்னத்தில் நரைமுடி வெயிலில் மினுங்கியது.

ஒரு காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. கொடியில் தொங்கிய துண்டு கூடச் சரியாக ஆடவில்லை. நாற்காலி நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் நாலு காலும் கிறீச்சென்று தேய, டிரைவரோடு சேர்ந்து, மெல்ல அரைவட்டம் திரும்பியது. செருப்பு இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிரித்த முகம் இப்போது இவரைப் பார்த்தது.

சாமணம் ஓடினார். அறுபத்தாறு வயதில், கதவு கதவாகச் சாத்திக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்ட்ரெச்சர் வண்டி மூணு மணிக்கு மேல்தான் என்றார்கள். கட்டிலை இழுத்துப் பார்த்தார். அரை அடி நகர்ந்ததும் அவள் வலியில் அலறினாள். மேலும் அது கதவைவிட அகலம். தூக்கிப் பார்க்கலாம் என்று தோள் கொடுத்தார். "இடுப்பு! இடுப்பு!" என்று கத்தினாள். விட்டுவிட்டார்.

பழைய அலுவலகத்துக்குப் போட்டார். அவர் இடத்தில் இப்போது ஒரு பெண் அதிகாரி. கோணல் கையெழுத்து என்று மூன்று வருஷம் அவளை அழவிட்டிருக்கிறார்.

"சொல்லுங்க சார். அதிசயமா இருக்கே."

"மீதி மாதிரி எல்லாம் இருக்கும்ல? அதுல கறுப்பா, மூணு மூலையா ஒண்ணு வரும். பளபளன்னு. எவ்வளவு இருந்தாலும் சரி, பொறுக்கி வையிம்மா. நான் ஆளனுப்பறேன். இல்ல, நீயே யாரையாவது உடனே அனுப்பு."

"கறுப்பா மூணு மூலையா... ஓ, நீங்க கல்லுன்னு எழுதுவீங்களே, அதுவா?"

"அதுதான்."

"அது இப்ப வர்றதே இல்லையே சார். எல்லா மாதிரியிலயும் ஒரே மாதிரி கல்லு வருதுன்னு உங்க ரிப்போர்ட்டைக் காட்டித்தானே எல்லா ஊருக்கும் கல் பிரிக்கற மெஷின் வாங்கிக் கொடுத்தாங்க. அரைச்சுப் பொடியாக்கித் தள்ளிடுது. ஏழு வருஷம் ஆச்சு. ஒண்ணு கூட இல்ல." அவள் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு ஏறியது. "ஏன் சார், கல்லு எதுக்கு உங்களுக்கு?"

"அது கல்லு இல்லம்மா."

"பின்னே என்ன சார்?"

போனை வைத்துவிட்டார்.

பின்னறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். இரண்டு கொக்கியையும் மாட்டினார்.

"ஏங்க மூடறீங்க? அது வர நேரமாச்சு."

"வேண்டாம்."

"உங்களுக்குப் பொறாமை. உங்ககிட்ட வரல, என்கிட்ட வருதுன்னு."

"அது என்னன்னே எனக்குத் தெரியாது" என்றார் சாமணம்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் கேட்காத வாக்கியம். "என்னது? இன்னொரு தரம் சொல்லுங்க."

"தெரியாது. எனக்குத் தெரியாது."

"அடடா" என்று அவள் அவர் கன்னத்தைத் தொட்டாள். "இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? தெரியலேன்னா தெரியல. குடியா முழுகிடும்? சரி, புழுங்குது. ஃபேனையாவது போடுங்க. நாலுல வைங்க."

கதவோரம் போய் ஃபேனைப் போட்டார். திரும்பி வந்து, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பதினொரு மணி வெயில் கண்ணாடி வழியாக அவர் பிடரியில் சூடாக விழுந்தது. ஃபேன் சுற்றியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. காக்கை இல்லை. மோட்டார் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி கூட இல்லை.

"அந்த டிரைவர் அண்ணன் என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?"

"தூங்கறான்."

"உங்களைக் கிண்டல் பண்ண ஆள் இல்லாம போச்சு. பாவம், நான்தான் அந்த வேலையும் பாக்கணும்." அவள் கை சூடாக, கனமாக, சோப்பு வாசனையோடு அவர் கைக்குள் இருந்தது. "எலும்பு கூடினதும் நாம..."

நிறுத்தினாள். அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சு."

அவர் பிடரியில் வெயில் அணைந்தது.

திரும்பவில்லை. அவள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு கண்ணாடியிலும் இரண்டு சின்ன ஜன்னல்கள். இரண்டிலும் வெளிச்சமே இல்லை. மேலிருந்து கீழ் வரை.

தாழ்ப்பாள் அசையவில்லை. கொக்கி அசையவில்லை. பூட்டிய வீட்டின் வாசனை மட்டும் வந்தது. பக்கத்தில். காதோரம்.

"என்னை எடுத்துக்கோ" என்றார். மறுபடி சொன்னார். "அவளை விட்டுடு. என்னை."

அது கேட்டது போலிருந்தது. அவர் தலைக்கு மேல் தயங்கியது. மோந்தது. இந்தப் பக்கம் ஒரு முறை. அந்தப் பக்கம் ஒரு முறை. அவசரமே இல்லாமல், தொழில் தெரிந்த நிதானத்தோடு. பிறகு அவரை விட்டுவிட்டுத் தாண்டிப் போயிற்று. மதிக்கவே இல்லை.

"எவ்வளவு அழகா இரு..." என்றாள் அவள்.

கட்டிலின் ஸ்பிரிங் ஒன்று முனகியது. இன்னொன்று. மெத்தையில் அவள் உடம்பு அழுத்தியிருந்த பள்ளம் மெல்ல மேலே எழும்பியது. தலையணைக் குழி நிரம்பியது. கையில் இருந்த கை சூடாகவே இருந்தது. கனம் குறைந்தது. பழம் அளவு. இலை அளவு.

பிறகு ஒன்றுமில்லை.

அவர் பிடரியில் வெயில் திரும்பி விழுந்தது.

அவள் சிரித்தபடி இருந்தாள். வாய் 'இரு' என்று குவிந்தபடி. கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளத்தது. போர்வை ஒரு முறை உப்பி, வழிந்து, கீழே விழுந்தது. அவள் விழவில்லை. இடுப்பு வலிக்காமல், யாரும் தூக்காமல், படுத்த வாக்கிலேயே கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பினாள். ஒரு முழம். புடவைத் தலைப்பு முதலில் மேலே நீண்டது, சுழன்று, ஃபேனைத் தேடி.

ஃபேன் நாலில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சு கதவோரம். எட்டு அடி.

சாமணம் இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும். விட்டால் போய்விடும். இழுக்கவும் முடியாமல், நகரவும் முடியாமல், தலையை அண்ணாந்து, பட்டம் பிடித்த குழந்தை மாதிரி நின்றார். அவள் அவரைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சிரித்தாள்.

மூணு மணிக்குத்தான் வண்டி வரும். இப்போது பதினொன்று பத்து.